ஒரே மரத்தை எட்டு வாரம் பார்ப்பது: இலையுதிர் காலத்தில் குடும்பத்தோடு வீட்டருகே

இலையுதிர் காலம் தொடங்கியதும் பல குடும்பங்கள் முதலில் விசாரிப்பது, நிறம் உச்சத்தில் இருக்கும் மலைப்பகுதி எது, அங்கே எந்த வார இறுதியில் போனால் சரியாக இருக்கும் என்பதைத்தான். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஓர் ஆண்டு மூன்று மணி நேரம் கார் ஓட்டிச் சென்று இறங்கினால், முந்தைய நாள் அடித்த காற்றில் பாதி மரங்கள் மொட்டையாகியிருந்தன. பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை எழுப்பியபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பது. அதற்குப் பிறகு, வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டு, பருவம் முழுவதும் வாரம் ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பச் செல்வது என்று வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். இந்தப் பருவத்தில் எதுவுமே ஒரு வாரம் போல் மறு வாரம் இருப்பதில்லை. போன வாரம் எப்படி இருந்தது என்று தெரிந்தவருக்குத்தான் இந்த வாரம் என்ன நடந்திருக்கிறது என்பதும் தெரியும். அந்த முறையில் ஒரு பருவத்தைத் திட்டமிடுவது எப்படி என்பதை இங்கே எழுதியிருக்கிறேன்.

எப்போது, எங்கே, எவ்வளவு நேரம்

வட அரைக்கோளத்தில் செப்டம்பர் 22 அல்லது 23 அன்றும், தென் அரைக்கோளத்தில் மார்ச் 20 அல்லது 21 அன்றும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகின்றன. அன்றிலிருந்து எட்டு வாரங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவும். உங்கள் பகுதியில் குளிர் முன்னதாகவே வந்துவிடும் என்றால் ஒரு வாரம் முன்பே தொடங்கலாம். பூமத்திய ரேகைக்கும் துருவத்துக்கும் நடுவே, அதாவது 45 டிகிரி அட்சரேகையை ஒட்டி அமைந்த ஊர்களில், அந்த நாட்களில் பகற்பொழுது நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 நிமிடம் குறைகிறது. கேட்பதற்குச் சிறிய அளவாகத் தோன்றினாலும், முதல் வாரத்தில் பள்ளி விட்டு வந்தபின் நிதானமாகக் கிளம்பிப் போக முடிந்த இடத்துக்கு, ஆறாம் வாரத்தில் அதே நேரத்தில் போனால் இருட்டில்தான் திரும்ப வேண்டியிருக்கும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பும் நாடுகளில் அந்த மாற்றம் ஒரே இரவில் நிகழ்ந்துவிடும். எனவே முதல் நான்கு வாரங்களை வாரநாள் மாலைகளுக்கும், அடுத்த நான்கை வார இறுதிக் காலைகளுக்கும் ஒதுக்கிவைப்பது நல்லது.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைக் காட்டிலும் அருகாமைக்கே முதலிடம் கொடுக்கவும். பத்துப் பதினைந்து நிமிட நடையில் இருக்க வேண்டும். இலை உதிர்க்கும் பெரிய மரம் ஒன்றாவது நிற்க வேண்டும். உதிர்ந்த இலைகளை அன்றன்றே பெருக்கி அள்ளிவிடாத தரை சிறிதளவேனும் இருக்க வேண்டும். பக்கத்தில் குளமோ ஓடையோ இருந்தால் பறவைகளும் கிடைக்கும். ஆனால் விளையாட்டுத் திடல் கண்ணில் படும் இடமாக இருக்கக் கூடாது, ஏனெனில் ஊஞ்சலோடு போட்டி போட்டு எந்த மரமும் வென்றதில்லை.

ஒரு முறைக்கு ஒரு மணி நேரம் போதும். இரண்டு வயதுப் பிள்ளை உடன் வந்தால் அந்த நேரத்தில் முந்நூறு மீட்டர்கூடக் கடக்க முடியாமல் போகலாம். இங்கே போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று இல்லை என்பதால் அதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. உடையைப் பொறுத்தவரை, பிள்ளைகள் நடப்பதைவிட ஓரிடத்தில் குனிந்தும் உட்கார்ந்தும் இருப்பதே அதிகம் என்பதால், நடைக்குத் தேவையானதைவிட ஓர் அடுக்கு கூடுதலாகப் போட்டுவிடவும். தடித்த ஒரே கோட்டைவிட, கழற்றி மாட்டக்கூடிய இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகளே வசதி. பையில் மாற்றுக் காலுறை ஒரு ஜோடி கட்டாயம் இருக்கட்டும். நனைந்த இலைகள் மூடிய பாதை எண்ணெய் கொட்டிய தரை போல வழுக்கும் என்பதால், அடிப்பகுதி தேய்ந்த காலணிகளைத் தவிர்க்கவும். பலத்த காற்று வீசும் நாளில் பெரிய மரங்களுக்கு அடியில் போகவே வேண்டாம். காய்ந்த கிளைகள் முறிந்து விழுவது அந்த நாட்களில்தான்.

மரத்தைத் தேர்ந்தெடுத்தல்

எந்த மரம் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். ஒரு பெயரும் வைக்கட்டும். பெரியவர்கள் செய்ய வேண்டியது, அந்த மரம் இலை உதிர்க்கும் வகையா என்று உறுதி செய்துகொள்வதும், கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கிளையேனும் இருக்கிறதா என்று பார்ப்பதும்தான். மேப்பிள் வகைகள் நிறத்துக்குப் பெயர்போனவை. கிங்கோ மரம் எலுமிச்சை மஞ்சளாக மாறி, ஓரிரு நாட்களுக்குள் அத்தனை இலைகளையும் கொட்டிவிடும் என்பதால், அந்த நாளைத் தவறவிட்டால் மொத்தமும் தவறிப்போகும். ஓக் வகைகளில் சில, பழுப்பேறிய இலைகளைக் குளிர்காலம் முழுவதும் உதறாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பொறுமையற்ற குடும்பத்துக்கு அது ஏற்ற மரமல்ல.

முதல் நாளில் மூன்று வேலைகளைச் செய்யவும். மரம் முழுவதும் தெரியும் ஓர் இடத்தில் நின்று படம் எடுத்து, நின்ற இடத்தை ஒரு கல்லையோ பெஞ்சையோ அடையாளமாக வைத்து நினைவில் கொள்ளவும். எட்டு வாரமும் அதே இடத்தில் நின்றே படம் எடுக்க வேண்டும். அடுத்து, தாழ்ந்த கிளை ஒன்றில் கம்பளி நூலைத் தளர்வாகக் கட்டி, அந்தச் சிறு கிளையில் எத்தனை இலைகள் இருக்கின்றன என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லவும். மரம் முழுவதையும் பார்க்கும்போது சிறுவர்களுக்கு மாற்றம் பிடிபடுவதில்லை. பதினான்கு இலை பதினொன்றானது என்றால் உடனே பிடிபடும். மூன்றாவதாக, மரத்தின் உயரத்தை அளக்கவும். கையை நேராக நீட்டி ஒரு குச்சியைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும்; கண்ணிலிருந்து முஷ்டி வரை எவ்வளவு தூரமோ, முஷ்டிக்கு மேலே அவ்வளவு குச்சி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்படியே பின்னோக்கி நகர்ந்து, முஷ்டி மரத்தின் அடியோடும் குச்சியின் நுனி மரத்தின் உச்சியோடும் பொருந்தும் இடத்தில் நின்றுவிடவும். சமதரையாக இருந்தால், அங்கிருந்து மரம் வரையுள்ள தூரமே மரத்தின் உயரம். பின்னோக்கி நடப்பவரின் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்த அளவை ஒருமுறை சேற்றுக் குட்டையில் முடிந்தது.

இலை ஏன் நிறம் மாறுகிறது என்ற கேள்வி இரண்டாம் வாரத்துக்குள் வந்துவிடும். அதற்கான விடையைச் சொல்வதைவிடக் காட்டுவது எளிது. கோடையில் இலையை நிறைத்திருக்கும் பச்சையம் சிதைந்துகொண்டே இருப்பது; மரம் அதைப் புதிதாகத் தயாரித்துக்கொண்டே இருப்பதால்தான் பச்சை நீடிக்கிறது. பகல் குறுகியதும் அந்தத் தயாரிப்பு நின்றுபோகிறது. பச்சை விலகும்போது, முன்பிருந்தே இலைக்குள் இருந்த கரோட்டினாய்டு என்னும் மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள் வெளியே தெரிகின்றன. சிவப்பின் கதை வேறு: ஆந்தோசயனின் என்னும் அந்த நிறமி பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான், இலையில் தங்கும் சர்க்கரையைக் கொண்டு புதிதாக உருவாகிறது. அதற்கு வெளிச்சம் வேண்டும். வெயிலான பகல்களும், உறைந்துபோகாத அளவுக்குக் குளிர்ந்த இரவுகளும் தொடர்ந்து வரும் ஆண்டுகளில் சிவப்பு பளிச்சென்று இருப்பது இதனால்தான். சிவக்கும் மரமாக இருந்தால், வெயில் அதிகம் படும் பக்கத்து இலைகளையும் நிழலில் இருக்கும் இலைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கவும். ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இலைகளைப் பிரித்துப் பார்த்தால், மேல் இலை மறைத்த பகுதி மட்டும் கீழ் இலையில் மஞ்சளாகவே தங்கியிருப்பதைக் காணலாம்.

நான்காம் அல்லது ஐந்தாம் வாரத்தில் பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்துச் செல்லவும். நூல் கட்டிய கிளையில், நன்றாகப் பழுத்த ஓர் இலையின் காம்பு கிளையோடு சேரும் இடத்தைப் பிள்ளை உற்றுப் பார்க்கட்டும். காம்பின் அடியில் மெல்லிய கோடு போல ஓர் அடுக்கு உருவாகியிருக்கும். மரமே தன் இலையைக் கழற்றிவிட ஏற்பாடு செய்துகொள்ளும் இடம் அது. விரலால் இலேசாகத் தொட்டாலே இலை விடுபட்டுக் கையோடு வந்துவிடும், பச்சை இலையில் அப்படி வராது. விடுபட்ட இடத்தில் தழும்பு இருக்கும். குதிரைக் கஷ்கொட்டை மரத்தில் அந்தத் தழும்பு குதிரை லாடம் போலவே வளைந்து, ஆணி அடித்தாற்போன்ற புள்ளிகளோடு காணப்படும். தழும்புக்குச் சற்று மேலே பார்த்தால், அடுத்த ஆண்டின் மொட்டு அரிசி அளவிலோ அதற்குச் சற்றுப் பெரிதாகவோ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். உங்கள் மரம் பிளேன் மரமாக இருந்தால் இன்னும் நல்லது: அதில் காம்பின் அடிப்பகுதி உள்ளீடற்ற தொப்பி போல மொட்டை முழுவதுமாக மூடியிருக்கும், இலை கழன்ற பிறகுதான் மொட்டே வெளியில் தெரியும். இலை விழுந்தபின் மொட்டு முளைக்கும் என்றுதான் பெரியவர்களில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எட்டு வாரங்களில் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் காட்டியது, இலை விழும் முன்பே இருக்கும் இந்த மொட்டைத்தான்.

தரையில் கிடப்பவை

ஆறு முட்டைகள் வைக்கும் காகித அட்டைப் பெட்டி ஒன்றைப் பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுத்து, குழிக்கு ஒரு பொருள் வீதம் ஆறு மட்டுமே சேகரிக்கலாம் என்று சொல்லிவிடவும். அளவு வைக்காவிட்டால் வீட்டின் பாதி இடம் சருகாலும் கொட்டையாலும் நிறைந்துவிடும். மேலும், தரையில் கிடப்பவை அணிலுக்கும் பறவைக்கும் குளிர்கால உணவு.

இறக்கை உள்ள மேப்பிள் விதை கிடைத்தால், உயரமான இடத்திலிருந்து கீழே விடவும். அது சுழல்வதால்தான் மெதுவாக இறங்குகிறது. மெதுவாக இறங்குவதால்தான் காற்று அதைத் தாய்மரத்தின் நிழலைத் தாண்டிக் கொண்டுபோக முடிகிறது. இன்னொரு விதையின் இறக்கையைப் பாதியாகக் கத்தரித்து இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டுப் பார்த்தால், சொல்லாமலே புரியும். ஓக் கொட்டைகளை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டால், நல்லவை பெரும்பாலும் மூழ்கும். உள்ளே புழு தின்றதும் காய்ந்துபோனதும் மிதக்கும். மிதப்பதில் சிறிய வட்டமான ஓட்டை இருந்தால், அது உள்ளே வளர்ந்த வண்டுப்புழு வெளியேறிய வழி. மூழ்கியவற்றை மறுவாரம் எடுத்துச் சென்று மரத்தடியிலேயே போட்டுவிடலாம்.

இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பளபளவென்று பழுப்பாக இருக்கும் குதிரைக் கஷ்கொட்டை உண்ணத் தகாதது, நஞ்சுள்ளது. உண்ணக்கூடிய கஷ்கொட்டையிலிருந்து வேறானது. முள்ளம்பன்றி போல நெருக்கமான மெல்லிய முட்களால் மூடிய ஓட்டுக்குள் இருந்தால் அது உண்ணும் வகை. தடித்த குட்டை முட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் நஞ்சுள்ள வகை. சந்தேகம் இருந்தால் விளையாடுவதோடு நிறுத்திக்கொள்ளவும். காளான் விஷயத்தில் சந்தேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை: பறிக்கவும் வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவரவும் வேண்டாம். டெத் கேப் எனப்படும் காளானின் நஞ்சு சமைத்தாலும் அழியாது. உண்டு பல மணி நேரம் கழித்தே அறிகுறி தெரியும் என்பதால், அதற்குள் உடல் வெகுவாகக் கெட்டிருக்கும். இதற்காகக் காளானைப் பார்க்காமல் கடந்துபோக வேண்டியதில்லை. சிறிய முகக்கண்ணாடி ஒன்றைக் குடையின் அடியில் சாய்த்துப் பிடித்தால், பறிக்காமலே அடிப்புறத்து மடிப்புகள் முழுவதும் தெரியும். தரையில் படுத்து இன்னொரு உலகத்தின் கூரையைப் பார்ப்பதுபோல இருக்கும் அந்தக் காட்சிக்காகவே கண்ணாடியைப் பையில் வைத்துக்கொள்வேன்.

சருகுக் குவியலில் குதிப்பதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் குவியலை அந்த நேரத்தில் நீங்களே புதிதாகச் சேர்க்கவும். பல நாட்களாகக் கிடக்கும் குவியலுக்குள் கல்லும் கண்ணாடிச் சில்லும் இருக்கலாம், முள்ளெலி போன்ற சிற்றுயிர்கள் தஞ்சம் புகுந்தும் இருக்கலாம். சாலையோரக் குவியலில் ஒருபோதும் விளையாட விடக் கூடாது. சருகுக்குள் இருக்கும் பிள்ளையை ஓட்டுநருக்குத் தெரியாது. உண்ணிகள் வாழும் பகுதியாக இருந்தால், கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிவிட்டு, வீடு திரும்பியதும் காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரத்தில், அக்குளில், இடுப்பில், முழங்காலின் பின்புறத்தில் தேடிப் பார்க்கவும். கடித்துக்கொண்டிருந்தால், நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும். எண்ணெய் விடுவதும் தீக்குச்சியால் சுடுவதும் தவறு. அடுத்து வரும் வாரங்களில் காய்ச்சலோ, விரிந்துகொண்டே போகும் தடிப்போ தோன்றினால் மருத்துவரைப் பார்க்கவும்.

சீக்கிரம் இருட்டுவதைப் பயன்படுத்துதல்

கோடையில் நட்சத்திரம் தெரியும் நேரத்துக்குப் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். ஐந்தாம் வாரத்துக்கு மேல், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வானம் தயாராகிவிடும். வாசலுக்கு வந்தாலே போதும். பகல் இரவு சமநாளை ஒட்டி வரும் பௌர்ணமியிலிருந்து தொடங்குவது நல்லது. சாதாரணமாக நிலவு நாளுக்கு நாள் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். இந்தப் பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில், பூமத்திய ரேகையிலிருந்து விலகியிருக்கும் ஊர்களில், அந்தத் தாமதம் ஏறக்குறைய அரை மணி நேரமாகக் குறைந்துவிடுவதால், தொடர்ந்து சில மாலைகளில் பெரிய நிலவு சூரியன் மறைந்த சிறிது நேரத்திலேயே எழுவதைப் பார்க்கலாம். மேகம் ஒரு நாள் கெடுத்தாலும் மறுநாள் மிச்சமிருக்கும்.

அக்டோபர் 21ஐ ஒட்டி உச்சமடையும் ஓரியனிட் எரிநட்சத்திரங்களைப் பற்றி நிறைய எழுதப்படுவதுண்டு. ஹேலி வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற துகள்களே அவை என்பது சொல்லத் தகுந்த கதைதான். ஆனால் அவை நன்றாகத் தெரிவது நள்ளிரவுக்குப் பிறகு என்பதால், சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வட அரைக்கோளத்தில் இருப்பவர்கள், நிலவில்லாத மாலையில், தெருவிளக்கு குறைந்த இடத்தில் ஆண்ட்ரோமீடா விண்மீன் திரளைத் தேடிப் பார்ப்பது அதைவிடச் சிறந்தது. பைனாகுலரில் அது புகை படிந்ததுபோல ஒரு சிறு வெளிச்சமாகவே தெரியும். அந்த வெளிச்சம் ஏறக்குறைய 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு கிளம்பியது என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருக்கவும். டார்ச் விளக்கின் முகத்தைச் சிவப்புத் தாளால் மூடிக்கொண்டால், இருட்டுக்குப் பழகிய கண் மறுபடி கூசாது.

அந்தி நேரத்தில் வலசைப் பறவைகள் தலைக்கு மேலே செல்வதையும் எதிர்பார்க்கலாம். வாத்துகளின் கூட்டம் ஆப்பு வடிவில் பறக்கும்போது, முன்னே செல்லும் பறவையின் இறக்கை எழுப்பும் மேலெழு காற்றைப் பின்னால் வருபவை பயன்படுத்திக்கொள்கின்றன. ஆப்பின் இரண்டு பக்கங்களிலும் எத்தனை என்று எண்ணுவது எல்லா வயதினரும் சண்டையின்றி விளையாடும் அரிய விளையாட்டு.

மழை நாளில்

எட்டு வாரங்களில் இரண்டு மூன்றையாவது மழை எடுத்துக்கொள்ளும். தூறலாக இருந்தால் ரெயின்கோட் போட்டுக்கொண்டு போய்வரலாம். கொட்டினால், சேகரித்தவற்றோடு வீட்டுக்குள் உட்காரவும். பைன் கூம்பைத் தண்ணீரில் ஊறவைத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் செதில்கள் மூடிக்கொள்ளும், காய்ந்ததும் மீண்டும் விரியும். இலைகளைப் பதப்படுத்த, ஈரம் துடைத்து, செய்தித்தாள்களுக்கு இடையே ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, கனமான புத்தகங்களை ஏற்றிவைக்கவும். முதல் சில நாட்கள் தாளை மாற்றினால் பூசணம் பிடிக்காது. இரண்டு வாரத்தில் தயாராகிவிடும்.

நேரம் இருந்தால் செய்ய வேண்டியது நிறப் பிரிப்பு. உங்கள் மரத்தின் இன்னும் பச்சையாக இருக்கும் இலைகள் நாலைந்தைக் கிழித்து, கண்ணாடிக் குவளையில் போட்டு நசுக்கி, மூழ்கும் அளவுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ரப்பிங் ஆல்கஹாலை ஊற்றவும். குவளையைத் தளர்வாக மூடி, சுடுதண்ணீர் உள்ள பாத்திரத்தில் அரை மணி நேரம் வைக்கவும். ஆல்கஹால் தீப்பிடிக்கும், அதன் ஆவியும் நல்லதல்ல. ஆகவே இதைப் பெரியவர்கள் மட்டும், அடுப்பு எரியாத அறையில், சன்னலைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். திரவம் கரும்பச்சையானதும், காபி வடிகட்டும் தாளிலிருந்து நீளமாக ஒரு துண்டு வெட்டி, அதன் நுனி மட்டும் திரவத்தில் நனையும்படி தொங்கவிடவும். ஒரு மணி நேரத்துக்குமேல் விட்டால், திரவம் தாளில் ஏறி, பச்சைக்கு மேலே மஞ்சள் பட்டை ஒன்று தனியாகப் பிரிந்து நிற்கும். மரத்தில் இன்னும் மூன்று வாரம் கழித்துத் தெரியப்போகிற மஞ்சள் அது.

எட்டாம் வாரம்

கடைசி முறை செல்லும்போது பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாததுபோல் தோன்றும். இலை மறைத்திருந்தவை எல்லாம் அப்போதுதான் தெரியவரும்: ஏழு வாரமும் தலைக்கு மேலேயே இருந்த ஒரு பறவைக்கூடு, பட்டையில் இருக்கும் பொந்து, மரத்தின் உண்மையான வடிவம். கூட்டைக் கலைக்க வேண்டாம். சில பறவைகள் மீண்டும் அதற்கே வரும். வழக்கமான இடத்தில் நின்று எட்டாவது படத்தை எடுக்கவும். நூல் கட்டிய கிளையில் இப்போது எத்தனை மொட்டுகள் என்று எண்ணி, முதல் வாரத்து இலைக் கணக்குக்குப் பக்கத்தில் பிள்ளைகளே எழுதிக்கொள்ளட்டும். பிறகு நூலை மறக்காமல் அவிழ்த்து எடுத்துவிடவும். வசந்தத்தில் கிளை தடிக்கும்போது அது பட்டையை இறுக்கும்.